அப்பாவுக்குப் பாடாத எபிரேயப் பாட்டு

என் மகனுக்கு,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தானே. மெதுவாக வாசிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். போனில் கதைத்தால் சுகம் விசாரித்து முடிப்பதற்குள் இருவரும் சண்டைக்குப் போய்விடுகிறோம். மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். லண்டனின் ஒரு முனையில் நோர்பரியில் நான், மறுமுனையில் பார்க்கிங் என்கிற ஊரில் நீ. ஒரே நகரம்தான். ஆனால் கனடாவில் இருக்கிற பிள்ளைகள் தாயைப் பார்க்க வருவதைவிடக் குறைவாகத்தான் நீ வருகிறாய். இதைச் சொல்லாமல் தொடங்கினால் கடிதம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருப்பேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் அப்பா செத்து ஒரு வருடம், கோயிலில் ஆண்டுத் திருப்பலிப் பூசை. கோயில் பாடகர் குழு அப்பாவின் அந்த எபிரேய மெட்டுப் பாட்டைப் பாடப்போகிறோம் என்கிறது. பாடினால் வரமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். பாடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியவள் நான்தான் என்று சுவாமியார் நைசாகக் கழன்றுகொண்டார். ஆக, அப்பாவின் பாட்டா, அப்பாவின் மகனா, ஒன்றைத் தெரிந்தெடு என்று எல்லாருமாகச் சேர்ந்து என்னை நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். அப்பாவின் அடக்கத்துக்கு ஒருமுறை தெரிந்தெடுத்தேன். இன்னொரு முறையும் என்னைத்தான் கேட்கிறீர்கள். எனக்குக் களைத்துப்போய்விட்டது, மகன்.

அந்தப் பாட்டு நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை உன் நண்பர்களுக்குச் சொல்லும்போது பாதியைத்தான் சொல்கிறாய். அப்பாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் தன் ஊர்ப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார். வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஒரு நாள் அந்தப் பாட்டைப் போட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வருடா வருடம் நடத்துகிற பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற பாட்டு, எபிரேய மொழியில் பாடப்பட்டது என்று அறிவிப்பாளர் சொன்னாராம். அப்பாவுக்கு அது போதும். எபிரேயம் என்றால் அவருக்கு வேதாகமத்தின் மொழி, தாவீது அரசர் பாடிய மொழி. அந்த மொழியில் ஆட்கள் இன்றைக்கும் கடைக்குப் போவார்கள், காதலிப்பார்கள், பொப் பாட்டுப் பாடுவார்கள் என்று கோயிலைச் சுற்றியே வளர்ந்த ஒரு பையனுக்கு எப்படித் தோன்றும்? பாட்டில் திரும்பத் திரும்ப வருவதும் நாம் பூசையில் சொல்கிற 'அல்லேலூயா' என்ற சொல்தான். ஆகவே இது பக்திப் பாட்டு என்று முடிவுகட்டிவிட்டார். ஒரு பக்திப் பாட்டுக்கு முதற்பரிசு கொடுக்கிறார்கள் என்றால் ஐரோப்பா எவ்வளவு பக்தியுள்ள இடமாக இருக்கவேண்டும் என்று பாடகர் குழுவுக்கு ஒரு பிரசங்கமும் வைத்திருக்கிறார். பிறகு லண்டனுக்கு வந்து, கோயில்களை ஃபிளாட்டுகளாக மாற்றி விற்பதைப் பார்த்தபோது என்னிடம் கேட்டார்: "அப்ப அந்தப் பரிசைக் குடுத்த சனமெல்லாம் எங்க போயிட்டுது?"

மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். சொற்களைத் தானே எழுதினார். உயிர்த்த ஆண்டவர் விடியற்காலையில் கரையில் நிற்கிறார். வலையில் ஒன்றும் படாமல் தோணியில் திரும்பி வருகிற சீடர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அந்தக் காட்சிதான் பாட்டு. பங்குச் சுவாமியார் கேட்டுவிட்டு, "எபிரேயத்தில இருந்து வந்ததோ? அப்ப நல்லதுதானே" என்று அனுமதி கொடுத்துவிட்டார். முதலில் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பாடினார்கள். பிறகு சண்டை வந்தது. கடலுக்குப் போன ஒரு இளைஞனைச் சுட்டுக் கரையில் போட்டிருந்தார்கள். அவனை அடக்கம் செய்த அன்று, கரையைப் பற்றிய பாட்டு ஒன்று இருக்கிறதே, அதைப் பாடுங்கள் என்று அவனுடைய வீட்டார் கேட்டார்கள். சவப்பெட்டியைக் கோயிலிலிருந்து வெளியே எடுக்கும்போது பாடினார்கள். அன்றிலிருந்து அது பெட்டி எடுக்கிற பாட்டாகிவிட்டது. இடம்பெயர்ந்து போனவர்கள் அதை மன்னாருக்கும் வன்னிக்கும் கொண்டுபோனார்கள். பாட்டைக் கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

இங்கே வந்து, மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசை தொடங்கிய காலத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. கோயிலை எங்களுக்குத் தந்த ஆங்கிலப் பங்கின் குருவானவர் வயதான ஓர் ஐரிஷ்காரர். ஒரு நாள் எங்கள் பூசை முடியும்வரை கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் சிரித்துக்கொண்டே வந்து, இந்தப் பாட்டு எனக்குத் தெரியும், இளமையில் தொலைக்காட்சியில் பார்த்தேன், போட்டியில் வென்ற பொப் பாட்டு, எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து ஆடினோம் என்றார். அவர் கேலி செய்யவில்லை, மனதார சந்தோஷப்பட்டார். ஆனால் அப்பாவின் முகம் கறுத்துப்போனது. நீ அப்போது குழந்தை, தள்ளுவண்டியில் இருந்தாய்.  பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனை தாய்மாருக்கு முன்னால் ஓர் ஆட்டப் பாட்டைப் பாடியிருக்கிறோம் என்ற வெட்கம் அவரைத் தின்றது. கடைசியில் தமிழ்ச் சுவாமியாரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் பாடமாட்டோம் என்றார். சுவாமியார் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "அதுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு, தம்பி. குடுத்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்கட திருச்சபையில இல்லை." அந்த ஒரு வார்த்தை அவருக்குக் காணும், வேறொன்றும் தேவைப்படவில்லை. அன்று பின்னேரம் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்கு வந்தார்.

உன் சின்ன வயதில் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று நம் வீட்டில் ஒரு திருநாள். அந்தப் போட்டியைப் பார்ப்பதற்காகவே அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் யாருடனாவது ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருவார். அவரும் நீயும் சோபாவில் இருந்து எந்த நாட்டுக்கு எவ்வளவு புள்ளி என்று சண்டை பிடிப்பீர்கள். நான் கட்லட் பொரித்துக்கொண்டே இருப்பேன், நீங்கள் இருவரும் பார்க்காமலே தின்றுகொண்டிருப்பீர்கள். ஒருமுறை நீ கம்ப்யூட்டரில் தேடி அந்தப் பழைய பாட்டை எடுத்து அவருக்குப் போட்டுக் காட்டினாய். அத்தனை காலம் பாடிய பாட்டின் சொந்தக்காரரை அப்பா அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார். சிரித்த முகத்தோடு சில இளம் பிள்ளைகள் நின்று பாடினார்கள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளையளாத்தான் இருக்கினம்" என்றார். பிறகு, "நாங்கள்தான் சரியா இழுத்துப்போட்டம். அவையள் எவ்வளவு கெதியாப் பாடுகினம் பார்" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதற்குப் பிறகு கோயிலில் அவர் பாட, நீ பக்கத்தில் இருந்து கீபோர்ட் வாசிக்கும்போது, இரண்டாவது அடியில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுவாய். அவர் பாடிக்கொண்டே உன்னை முறைப்பார். நான் பெண்கள் பக்கத்தில் இருந்து சிரிப்பை அடக்கிக்கொள்வேன். அதெல்லாம் நீ மறந்துவிட்டாய் என்று நான் சொல்லமாட்டேன். மறக்க முடியாததால்தான் உனக்கு இவ்வளவு கோபம் என்று நினைக்கிறேன்.

உன் கோபம் எனக்கு விளங்காது என்று நினைக்காதே. அதை நீ எங்கே படித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். வன்னியில் சனங்கள் கடற்கரையோரமாக ஒடுங்கிப்போய்ச் செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் நாங்கள் இங்கே லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் இருந்தோம். பள்ளிக்கூடச் சீருடையோடு உன்னைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அந்த வயதுப் பிள்ளைக்குக் காட்டக்கூடாத ஒரு படத்தை உன் கையில் கொடுத்து உயர்த்திப் பிடி என்றேன். எங்களால் பஸ் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது என்று எரிச்சல்பட்டுக்கொண்டு சனம் போனது. வீட்டுக்கு வருகிற வழியில் நீ கேட்டாய்: "அம்மா, ஏன் ஒருத்தரும் பாக்கினம் இல்லை?" நான் உன் கையிலிருந்த படத்தை வாங்கி மடித்து என் பைக்குள் வைத்தேன். பிறகு நீ வளர்ந்து, வேலைக்கும் போய், காசாவில் பிள்ளைகளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போகிற படங்கள் வரத் தொடங்கியதும், சனிக்கிழமை தவறாமல் ஊர்வலத்துக்குப் போனாய். குளிருக்குப் போட்டுக்கொள் என்று கையுறை எடுத்துத் தந்தேன். நீ போனது சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அம்மா மற்றப் பக்கம் என்று பிறகு நீ சொல்லக்கூடாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கடைசியாக வந்த மே மாதத்தில் நீ வீட்டுக்கு வந்தபோது அவர் தனியாக இருந்து அந்தப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஜாக்கெட்டைக் கழற்றாமல் அறை வாசலிலேயே நின்றாய். "சீரியஸ்லி அப்பா? இந்த வருசமும் பாக்கிறியளா?" என்றாய். "பாட்டுத்தானே, தம்பி" என்றார் அவர். பாட்டு மட்டும் இல்லை, அந்த எபிரேயப் பாட்டு வந்த நாட்டின் கொடியையும் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள், அவர்கள்தான் காசாவில் குண்டு போடுகிறார்கள் என்றாய் நீ. பிறகு கோயில் பாட்டுக்கு வந்தாய். "அந்த டியூனை வாசிக்கச் சொல்லி என்னை இனிமேல் கேக்காதேங்கோ. ஐ கான்ட், அப்பா."

"நாங்கள் எங்கட செத்த சனத்துக்குப் பாடினது அது."

"ஐ நோ. இப்ப செத்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு அதைக் கேட்டா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சியளா?"

அப்பா டிவியை நிறுத்தினார். நீ நிறுத்தச் சொல்லவில்லை, அவரே நிறுத்தினார். நீ மேலே உன் பழைய அறைக்குப் போய்விட்டாய். அவர் நிறுத்திய டிவிக்கு முன்னால் இருந்துகொண்டு கையில் இருந்த கட்லட்டைத் தின்று முடித்தார். அதற்குப் பிறகு நீ கோயிலுக்கு வந்த நாட்களில் அவர் அந்தப் பாட்டை எடுக்கவே இல்லை. யாராவது கேட்டால் தொண்டை சரியில்லை என்பார். தொண்டைக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் என்னோடு கத்துவதற்கு நன்றாகத்தான் இருந்தது. இதை நீ கவனித்தாயோ தெரியாது.

பிறகு அந்தக் காலை. குளிக்கப் போனவர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வாய் பேசாமல் ஏழு நாள் கிடந்தார். நீ லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அவருடைய கையைப் பிடித்தபடியே இருந்தாய். நேர்ஸ்மார் உன்னைப் பார்த்து, இப்படி ஒரு மகன் யாருக்குக் கிடைப்பான் என்று என்னிடம் சொன்னார்கள். அந்த ஒரு கிழமைக்காக நான் சாகும்வரை உனக்கு நன்றியாக இருப்பேன். பாட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பாடுங்கள் என்றும் இல்லை, பாடவேண்டாம் என்றும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு இந்த வேலை மிஞ்சியிருக்காது.

அடக்கப் பூசைக்குப் பாட்டுகளைத் தெரிவுசெய்யப் பாடகர் குழு நம் முன்னறைக்கு வந்தது. காணிக்கைக்கு என்ன, நற்கருணைக்கு என்ன என்றெல்லாம் கேட்டார்கள். பெட்டி எடுக்கும்போது என்ன என்று கேட்கவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே. நீ சமையலறை வாசலில் நின்று சொன்னாய்: "அதைப் பாடினால் நான் பெட்டி தூக்கமாட்டன்."  பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மகன் தூக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு ஏதாவது பாட்டைப் போடலாமே என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எத்தனையோ வீட்டுப் பெட்டிகளைப் பாடி வழியனுப்பியவர் அவர். அவருடைய பெட்டி, தூக்கிய உங்கள் சப்பாத்துக் கால்களின் சத்தத்தோடு மட்டும் போனது. லண்டன் ரோட்டில் பஸ் நின்று புறப்படுகிற சத்தம்கூட உள்ளே கேட்டது. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன். உன்மேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

அந்தக் கோபத்தைத்தான் இந்த வருடம் முழுக்கச் சோறு போட்டு வளர்த்தேன். கடைக்குப் போனால் தமிழ்ச் சனம் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தும். பாட்டில்லாமல் புருஷனை அனுப்பியவள் என்று கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டுவேன், நீ அங்கே இல்லை என்பதால் சுவரைத் திட்டுவேன். ஒரு நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. நானும் இந்த வீட்டில் ஒரு பாட்டை நிறுத்தியவள்தான்.

நீ பிறப்பதற்கு முந்திய கதை. அப்பா கொஞ்சக் காலம் கொழும்பில் வேலை செய்தவர், அவருக்குச் சிங்களப் பாட்டு என்றால் உயிர். இங்கே வந்த புதிதில் ஒரு கசெட்டைப் போட்டுவிட்டு, கூடவே பாடிக்கொண்டு வெங்காயம் வெட்டுவார். பிறகு ஊரில் என் தம்பி ஷெல் விழுந்து செத்தான். அவனுடைய பெட்டிக்கு அங்கே அப்பாவின் பாட்டைத்தான் பாடினார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் இங்கே இருந்து போகவும் ஏலாமல், அவன் முகத்தைப் பார்க்கவும் ஏலாமல் இருந்தேன். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, அப்பா ஏதோ பழக்கத்தில் அந்தச் சிங்களக் கசெட்டைப் போட்டார். நான் போய் நிறுத்தினேன். "இந்த வீட்டில இனி அந்தப் பாஷை கேக்கக்கூடாது" என்றேன். பாடியவன் என் தம்பிக்கு ஷெல் அடிக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரியப்பா, விடும்" என்றார். அதற்குப் பிறகு கடைசிவரை அந்தப் பாட்டு இந்த வீட்டில் கேட்கவில்லை. அதற்காக நான் வருந்துகிறேனா என்றால், இல்லை. இன்றைக்கும் எங்கேயாவது அதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஆனால் சமைக்கும்போது அவர் அதை வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கி, என் காலடி கேட்டதும் நிறுத்துவார். அதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கண்டும் காணாததுபோலத் தேயிலை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

உனக்குக் கலியாணம் ஆகப்போகிறது. நீ பார்த்திருக்கிற பெண் நல்ல பெண், என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிடுவதை மட்டும் எப்போதாவது மாற்றினால் நல்லது. உங்களுக்கும் ஒரு வீடு வரும். அந்த வீட்டில் அவளை ஏதாவது ஒன்றை விட்டுவிடச் சொல்வாய், அவளும் உன்னைச் சொல்வாள். சொல்லலாம், அதில் பிழை இல்லை. சிலவற்றோடு ஒரு கூரையின்கீழ் இருக்க ஏலாதுதான். ஆனால் சொல்லிவிட்டு உடனே மாடிக்குப் போய்விடாதே. விட்டுக்கொடுத்த ஆளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நில். நானும் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை. நாம் இரண்டு பேரும் அந்த விட்டுக்கொடுப்பை ஒரே மனிதரிடம் வாங்கிக்கொண்டோம். அவர் போய்விட்டார்.

சரி, இந்த முறை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழுவிடம் போனேன். ஆண்டுத் திருப்பலிக்கு மட்டும் இல்லை, இனி எந்தப் பெட்டிக்கும் அதைப் பாடவேண்டாம், அது அவருடைய பாட்டு, அவர் இல்லை, ஆகவே நான் நிறுத்துகிறேன் என்று கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன். மண்டபத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த றெஜினா அக்கா கையைத் துடைக்காமலே வந்தார். உனக்கு அவரைத் தெரியும், மன்னார்க்காரி, சண்டை முடிந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். அப்பாவின் பெட்டி சத்தமில்லாமல் போவதைப் பார்க்க ஏலாமல் பூசையின் நடுவில் எழுந்து வெளியே போனவரும் அவர்தான்.

"அது அவற்ர பாட்டோ, தங்கச்சி?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "என்ர பிள்ளையை ரோட்டுக்கரையில கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள். சுவாமி இல்லை, பெட்டி இல்லை. ஷெல் வந்து விழுந்துகொண்டிருக்குது. அவன்ர அப்பா அந்தப் பாட்டைத்தான் வாய்க்குள்ள பாடினவர். முழுக்கப் பாட நேரம் இருக்கேல்லை. அது ஆர் எழுதினது, எந்த நாட்டு மெட்டு எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் அதை நிப்பாட்டினா நான் என்ர பிள்ளையை எதோட நினைக்கிறது?"

 அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காசாவின் பிள்ளைகளைப் பற்றி நீ அப்பாவிடம் கேட்ட கேள்வியும் அந்த நேரத்தில் மனதில் வந்தது. அதே மெட்டு. அதைக் கேட்டால் உனக்குக் காசாவில் யாரோ ஒரு தாயின் பிள்ளை நினைவுக்கு வருகிறது, இந்தத் தாய்க்குத் தன் பிள்ளை நினைவுக்கு வருகிறான். இரண்டு பேரும் சரி என்று எழுதிவிட்டுப் பேனையை மூடிவைக்கலாம். அது சுலபம். ஆனால் அடுத்த மாதம் பூசைக்கு என்ன செய்வது என்று அது எனக்குச் சொல்லித்தராது. பஸ்ஸில் வரும்போது அப்பாவைத்தான் திட்டினேன். அந்த நாளில் ரேடியோவை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு பேர் அழவேண்டியதில்லை.

நான் செய்திருப்பது இதுதான். பாடகர் குழுவுக்குப் போன் எடுத்து, பாட்டு உங்களுடையது, கேட்கிறவர்களுக்குப் பாடுங்கள், நான் சொன்னதை மறந்துவிடுங்கள் என்றேன். ஆனால் அப்பாவின் ஆண்டுத் திருப்பலி தமிழ்ப் பூசையில் இல்லை. அவருடைய நினைவு நாள் விழுகிற புதன்கிழமை காலைப் பூசைக்கு ஆங்கிலப் பங்கில் அவருடைய பெயரைக் கொடுத்துவிட்டேன். அது பாட்டே இல்லாத பூசை. முன்வாங்கில் சில வயதான வெள்ளைக்காரப் பெண்கள் இருப்பார்கள், இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பிலிப்பினோ நேர்ஸ் வந்து இருப்பார். குருவானவர் அப்பாவின் பெயரைப் பிழையாகச் சொல்வார். கெதியில் முடிந்துவிடும். பிறகு மண்டபத்தில் ரோல்ஸும் தேநீரும் இருக்காது, கூடிநின்று அவரைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். பாடகர் குழு என்னோடு கோபம். நான் வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டுமா என்று றெஜினா அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னொரு முறை அவரை அந்த அமைதியில் இருத்த எனக்கு மனம் வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதே. மன்னிக்கவில்லை. அப்பாவுக்கு அந்தப் பாட்டு கிடைத்திருக்கவேண்டும் என்றுதான் என் மனம் சொல்கிறது, அதை நீ தடுத்தாய், நான் உன் பக்கம் நின்றேன், அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதே நேரம் நீ சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் பொய் என்று தள்ளிவைக்க முடியவில்லை. எனக்கும் வயதாகிறது. முழங்கால் படியேற விடுகிறதில்லை, கீழ் அறையிலேயே படுக்கிறேன். எனக்கு என்ன பாடவேண்டும் என்று நான் சொல்லிவைக்கப்போவதில்லை. அன்றைக்கும் பாடகர் குழு அந்த முன்னறைக்கு வரும், நீ சமையலறை வாசலில் நிற்பாய், திரும்பிப் பார்த்துக் கேட்க நான் இருக்கமாட்டேன். நீயே உள்ளே வந்து அவர்களோடு இருந்து கதைத்து ஒரு முடிவுக்கு வா. றெஜினா அக்கா இருந்தால் அவரிடமும் கேள்.

பாட்டில்லாத பூசையாக வைத்துவிட்டேன், அதனால் நீ வந்தே ஆகவேண்டும் என்று நான் பேரம் பேசவில்லை. லீவு கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல், பொய் சொல்லாதே. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இடது பக்கம், தூணுக்குப் பக்கத்து வாங்கில் நான் இருப்பேன். வந்தால் என்னோடு கதைக்கவேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் இரு. நீ வராவிட்டாலும் அங்கே ஒருவரும் பாடமாட்டார்கள்.

அம்மா